மீன்கடை பிரீசரில் ஒல்லாந்தரின் போர்க்காகிதங்கள்

இப்போது யாரும் வீட்டுக்குப் போவதில்லையாம். ஓய்வு பெற்றவர்களுக்கு எங்கள் ஆவணக் காப்பகம் வைக்கும் மதியச் சாப்பாட்டில், என் பழைய மேசையில் இன்று இருக்கும் பெண் பிள்ளை சொன்னாள். பழைய காகிதம் கொடுக்க விரும்புகிறவர்கள் தாங்களே கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்களாம். பிறகு ஒரு வண்டி போய்ப் பெட்டியை ஏற்றி வருமாம். "நீங்கள் உண்மையாகவே முன்பின் தெரியாத ஆட்களின் பேஸ்மென்டுக்குள் எல்லாம் இறங்கினீர்களா?" என்று அவள் கேட்ட விதத்தைப் பார்த்தால், நான் ஏதோ பாழ்கிணற்றுக்குள் இறங்கியவள் என்று நினைத்திருப்பாள் போல.

இறங்கினேன். இறங்கியிராவிட்டால் ஒல்லாந்தர் தொகுப்பு என்று இன்று நீங்கள் பெருமையாகக் காட்டுகிற அந்த அலுமாரி வரிசை வெறுமையாக இருந்திருக்கும். அது என் கையால் வந்தது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்த வயதில் பழகவும் விருப்பமில்லை. அவள் கேட்டாளே என்றுதான் எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் பலர் ஆங்கிலமோ பிரெஞ்சோ கதைத்தவர்கள். அவர்கள் எல்லோரையும் நான் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்க வைக்கப்போகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

மொன்ட்ரியாலுக்கு அகதியாக வந்தேன். முதலில் ஒரு தொழிற்சாலையில் உடுப்புத் தைத்தேன், பிறகு இந்தக் காப்பகத்தில் தரை துடைத்தேன். பின்னேரங்களில் பிரெஞ்சும் அதன் பிறகு ஆவண வேலையும் படித்து, துடைத்த தரையிலேயே மேசை போட்டு உட்கார்ந்தேன். இதை விரித்து எழுதினால் நம்மவர்கள் எல்லோருடைய கதையும் போலவே இருக்கும் என்பதால் இதோடு விடுகிறேன்.

என் மேலதிகாரி மதாம் லுசியென். உயரமான, மெலிந்த பெண்மணி. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி அன்றைக்கு எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் லீவு கேட்போம். அவர் வைத்திருந்த ஒழுங்கு வேதம் மாதிரி. முதலில் கடிதம். பிறகு காத்திருப்பு. பிறகு தொலைபேசி. பிறகுதான் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். முதல் தடவை போனால் காகிதத்தைப் பற்றி வாயே திறக்கக்கூடாது, கொடுத்ததைக் குடித்துவிட்டு வரவேண்டும். அடுத்த தடவை பெட்டிகளை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே படம் எடுக்கவேண்டும். ஒன்றையும் அடுக்கக்கூடாது, தூசு தட்டக்கூடாது.

எல்லாவற்றிலும் அவர் கண்டிப்பாக இருந்தது குண்டூசியில். "ஒரு மனுசன் இரண்டு தாளைச் சேத்துக் குத்தியிருந்தால் அதுக்கு ஒரு காரணம் இருக்கும் பிலோமினா. அந்தக் காரணம் எங்களுக்கு விளங்குமட்டும் அந்த ஊசியில கை வைக்கிற உரிமை எங்களுக்கு இல்லை" என்பார். துருப்பிடித்த ஊசியைக்கூடக் காப்பகத்துக்குக் கொண்டு வந்து, படம் எடுத்து, அதன் பிறகே கழற்றுவோம். அந்த நாட்களில் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

ஒல்லாந்தரின் விஷயம் வந்தது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில். உலகப் போரின் கடைசி மாதங்களில் ஹொலண்டில் ஒரு சின்ன நகரத்து ஆண்கள் கூடி, கனடாப் படைக்குத் துணையாக உள்ளூர் இராணுவப் பிரிவு ஒன்றை அமைத்திருந்தார்கள். பாலங்களுக்கும் கைதிகளுக்கும் காவல் நிற்பது, எதிரியோடு சேர்ந்தவர்கள் என்று சனம் காட்டிக்கொடுத்தவர்களைப் பிடித்து விசாரிப்பது, இவைதான் வேலை. போர் முடிந்த பிறகு அவர்களில் பலர் குடும்பம் குடும்பமாக மொன்ட்ரியாலுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பிரிவின் எழுதுவினைஞராக இருந்தவர் ஆரி என்ற பொடியன். பிரிவைக் கலைத்தபோது அதன் காகிதங்களைத் தா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு இரும்புப் பெட்டியில் அடுக்கி, கப்பலில் தன்னோடு கொண்டு வந்துவிட்டார். நான் சந்தித்தபோது அந்தப் பொடியனுக்கு எண்பது வயது. மனைவியை இழந்து, வில்லரேயில் ஒரு பழைய செங்கல் வீட்டில் தனியாக இருந்தார்.

எங்கள் சனத்துக்கு ஒல்லாந்தர் புதியவர்கள் அல்ல. யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டியவர்கள், வளவு வளவாக அளந்து, பேர் பேராகக் கேட்டுத் தோம்பு என்ற காணிப் பதிவேடு எழுதியவர்கள். நம்முடைய முப்பாட்டன்மாரின் காணியை எல்லாம் பதிந்து வைத்தவர்களின் காகிதத்தைப் பதிந்து எடுக்க ஒரு யாழ்ப்பாணத்துக்காரி போகிறாள் என்று நினைத்தபோது எனக்குப் பஸ்ஸிலேயே சிரிப்பு வந்தது. ஆரியிடமும் அதைச் சொன்னேன்.

"அப்ப இது பழிவாங்கலோ?" என்றார்.

"ஓம். ஆனால் நாங்கள் ரசீது தருவம்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கோப்பி சிந்தியது. அதன் பிறகு நல்ல கூட்டாகிவிட்டோம். கோப்பி வரும், அதோடு ஒரு தகரப் பேணி வரும். மூடி திறக்கும், ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுப்போம், மூடி மூடிவிடும். தட்டை முன்னால் தள்ளித் தள்ளி வைத்து, சாப்பிடாவிட்டால் கோபிக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த மூடியின் 'டக்' சத்தம் பழக நாள் எடுத்தது.

அவர் வீட்டுக்கு வழக்கமாக வருகிற இன்னொரு ஆளையும் அங்கேதான் கண்டேன். கொரி என்று பெயர். எழுபது கடந்த பெண். அதே நகரத்தில் பிறந்து, தாய் தகப்பனோடு இங்கே வந்தவர். இரண்டு தெரு தள்ளி இருந்தார். வாரத்தில் ஒருநாள் பெரிய பாத்திரத்தில் பயற்றஞ் சூப் கொண்டு வந்து, ஆரியை அதட்டிச் சாப்பிட வைத்துவிட்டுப் போவார். ஆரிக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டுக்கு வருகிற ஒரே உறவு அந்தச் சூப்தான்.

இரும்புப் பெட்டியை ஆரி மகிழ்ச்சியாகத் திறந்து காட்டினார். காவல் முறைகள், கடவுச்சீட்டுகள், பாலங்களின் வரைபடங்கள், கனடா அதிகாரிகளின் கட்டளைகள். ஒரு எழுதுவினைஞனின் கை எவ்வளவு அழகாக இருக்கமுடியுமோ அவ்வளவு அழகு. ஒரு தடித்த உறையை மட்டும் அவர் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் எல்லாவற்றையும் கொடுப்பதாகச் சொன்னார்.

ஈஸ்டர் முடிந்தது. ஆரி மதாமுக்குத் தொலைபேசி எடுத்து, மனம் மாறிவிட்டேன், ஒன்றும் தருவதாக இல்லை, தனக்குச் சுகமும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

"இரண்டு கிழமை விடுங்கோ. பேந்து ஒரு கடிதம் எழுதுவம்" என்றார் மதாம்.

எனக்கு அந்த 'சுகமில்லை'தான் காதில் விழுந்தது. எங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்க்கவேண்டும். போன் எடுத்து, வரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போகிறவனை எங்கள் ஊரில் மனிதன் என்று சொல்லமாட்டார்கள். எப்படி இருந்தாலும் வரவேண்டாம் என்றுதானே சொல்வார்கள்? மதாமின் ஒழுங்கு கொடையாளருக்கு. நான் நோயாளியைப் பார்க்கத்தான் போனேன். அரைநாள் லீவு போட்டு, ஜான்-டலோன் சந்தையில் நல்ல தோடம்பழமாகப் பார்த்து வாங்கி, சூட்டுக் குடுவையில் மல்லித்தண்ணியும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கதவைத் திறந்தவர் கொரி. சூப்பை வைத்துவிட்டு வெளிக்கிடுகிற நேரம்.

"நல்ல வேளை வந்தியள். காய்ச்சலோட கீழ நிண்டு உடுப்புத் தோய்க்கிறார். என்னைக் கீழ வரவேண்டாமாம். நீங்கள் சொன்னாலாவது கேக்கிறாரோ பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

நான் கீழே இறங்கினேன். ஆரி சட்டைக் கையை மடித்துவிட்டு, உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்கு முன்னால் நின்றார். தொட்டித் தண்ணீர் ஊதா நிறம். அதற்குள் கிடந்தது உடுப்பு அல்ல, காகிதம். அந்தத் தடித்த உறை வெறுமையாகத் தரையில் கிடந்தது.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? நனைந்த பிள்ளையைக் கண்ட தாய் மாதிரிக் கத்தியிருப்பேன். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் காகிதம் அவருடையது, வீடு அவருடையது, தொட்டியும் அவருடையது.

"என்ன செய்யிறியள்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆர் உங்களை வரச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சுகமில்லை எண்டு கேள்விப்பட்டன். தோடம்பழம் கொண்டு வந்தனான்."

அவர் பழப் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். மல்லித்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார்.

"எரிப்பம் எண்டுதான் முதல்ல நினைச்சன். முற்றத்தில நெருப்பு வைச்சால் நகரசபை தண்டம் போடும்" என்றார். குற்றம் செய்யும்போதும் சட்டத்தை மீறாத மனிதர்.

பிறகு தானாகவே சொன்னார். அந்த உறையில் இருந்தவை சனம் கொண்டு வந்து கொடுத்த துண்டுகள். இன்னார் எதிரிக்கு உதவினார், இன்னாரைப் பிடியுங்கள் என்று போரின் கடைசியில் அயலவர் அயலவரைப் பற்றி எழுதியவை. அவற்றைப் பதிந்தவர் ஆரி. அதில் ஒரு துண்டு கொரியின் தகப்பனைப் பற்றியது. அவர் ஒரு பேக்கரிக்காரர், ஜேர்மன் சிப்பாய்களுக்குப் பாண் விற்றார் என்று எழுதியிருந்தது. அதை எழுதியவர் அந்த நகரத்தின் மற்றப் பேக்கரிக்காரர்.

"அது என்ர அப்பா" என்றார் ஆரி. "நான் இதை உங்களிட்டைத் தந்தால் ஒருநாள் கொரி வந்து வாசிப்பா. அதுக்குப் பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?"

நான் தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். கை வைக்கவில்லை. மேலே கிடந்த தாள்கள் எல்லாம் இரண்டிரண்டாகக் குண்டூசியால் குத்தியிருந்தன. ஒரு கையெழுத்துத் துண்டு, அதன் பின்னால் முத்திரை குத்திய தட்டச்சுத் தாள் ஒன்று.

"பின்னால குத்திக் கிடக்கிறது என்ன?"

"முடிவு" என்றார். "நாங்கள் ஒவ்வொண்டையும் விசாரிச்சனாங்கள். விசாரிச்ச முடிவைத் துண்டோட சேத்துக் குத்திறது என்ர வேலை."

"கொரியின்ர அப்பாவின்ர முடிவு என்ன?"

அவருக்கு அது மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். துப்பாக்கி காட்டிப் பாண் பறிக்கப்பட்டது. குற்றம் ஏதும் காணப்படவில்லை. இவர் மரியாதையோடு விடுவிக்கப்படுகிறார்.

மதாம் ஏன் குண்டூசிக்காக அப்படி நின்றார் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் முழுதாக விளங்கியது. என் குரல் உயர்ந்துவிட்டது. நோயாளி என்றும் பார்க்கவில்லை.

"மிஸ்டர் ஆரி, உங்கட அப்பாவின்ர துண்டை மட்டும் நீங்கள் தண்ணிக்குள்ள அமுக்கேல்லை. கொரியின்ர அப்பாவின்ர விடுதலையையும் சேத்து அமுக்கிப் போட்டியள். சனத்தின்ர கதை தண்ணியில கரையாது. கடதாசிதான் கரையும்."

நான் அதுவரை அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். என் மூத்த அண்ணையை ஊரில் ஒரு இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. இராணுவத்துக்குத் தகவல் கொடுத்தார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிறகு அவர்களே, பிழை நடந்துபோச்சு, போ என்று விட்டுவிட்டார்கள். வாயால் சொன்னதோடு சரி, ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அண்ணை இப்போது மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறார். இன்றைக்கும் பூசைக்குப் போனால் அவர் இருக்கிற வாங்கில் இருந்து எழும்பி வேறு வாங்குக்குப் போகிற சனம் இருக்கிறது.

"என்ர அண்ணைக்கு இப்பிடி ஒரு தாள் இருந்திருந்தால்" என்று தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. அழுதேன். வேலை நேரத்தில் நான் அழுதது அந்த ஒரு தடவைதான். ஆனால் அன்றைக்கு லீவுதானே.

ஆரி தொட்டிக்குள் கை விட்டு ஒரு தாளின் மூலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இப்ப பிந்திப் போச்சு. எல்லாம் நனைஞ்சிட்டுது" என்றார்.

"பிந்தேல்லை" என்றேன். மூக்கைத் துடைத்துவிட்டு நான் மறுபடியும் காப்பகத்து ஆள் ஆகிவிட்டேன். அந்தக் காலத்தில் பலரும் ஈரம் பட்டால் ஊதாவாகும் பென்சிலால்தான் எழுதுவார்கள். தண்ணீருக்குள் கிடந்தால் கொஞ்சம் பரவும். ஆனால் மங்கிக் கிடந்த எழுத்து பளிச்சென்று எழும்பிவிடும். உண்மையில் அவர் மூழ்கடிக்கப் பார்த்த துண்டுகளில் பல, அறுபது வருஷத்துக்குப் பிறகு நன்றாக வாசிக்கக்கூடியதாக வந்திருந்தன. உடனே வெளியே எடுத்து உறைய வைத்தால் போதும், பிறகு இயந்திரத்தில் பனியாகவே காயவைக்கலாம். அப்படியே விட்டால் இரண்டொரு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

"உறைய வைக்கிறது எண்டால் தாறது எண்டு அர்த்தமில்லை. அது அப்பிடியே நிக்கும், அவ்வளவுதான். கடதாசி உங்கடதான். வேணுமெண்டால் பேந்து கொண்டு வந்து திருப்பித் தோய்க்கலாம்" என்றேன்.

அவர் வாழ்க்கை முழுக்க முடிவுகளைப் பதிந்தவர். முடிவை ஒத்திப்போடலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். "சரி" என்றார். "தரேல்லை. நேரம்தான் எடுக்கிறன்."

அவருடைய தொலைபேசியிலேயே மதாமைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். மறுபக்கத்தில் கண்ணாடி துடைபடுகிறது என்று எனக்குத் தெரியும்.

"அறிவிக்காமல் போனீங்களோ?"

"ஓம் மதாம். வருத்தம் பாக்கப் போனனான்."

"அதைப் பேந்து கதைப்பம். தாளுகளைப் பிரிக்காதேங்கோ. ஊசியைத் தொடாதேங்கோ. கட்டுக் கட்டாய் எடுத்து, பிளாஸ்டிக் பைக்குள்ள தட்டையாய் வைச்சு உடன உறைய வையுங்கோ. எங்கட பிரீசர் நிரம்பிக் கிடக்கு, வெள்ளத்தில நனைஞ்ச பள்ளிக்கூடப் பதிவுகள். வேற இடம் பாருங்கோ. சுத்தமாயும் நல்ல குளிராயும் இருக்கவேணும்."

சுத்தமான, நல்ல குளிரான பெரிய பிரீசர் உள்ள ஒரே ஒருவரைத்தான் எனக்கு இந்த நகரத்தில் தெரியும். மன்னார்க்காரர் சூசை அண்ணை. பார்க்-எக்ஸ்டென்ஷனில் மீன்கடை வைத்திருந்தார். எங்கள் பங்குக் கோயில் ஆள்.

"பிலோ, என்ன மீன் வேணும்?"

"மீன் வேண்டாம் அண்ணை. உங்கட பிரீசர்ல இடம் வேணும். வானையும் எடுத்துக்கொண்டு வில்லரேக்கு வாங்கோ."

அவர் வந்தார். ஏன் என்று கேட்காமல் வந்தார், வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு போனார்.

"இதென்ன கடதாசி?"

"ஒல்லாந்தற்ற. போர்க்காலத்தது."

"அவங்கட தோம்போ? என்ர பிரீசருக்குள்ளயோ?" சூசை அண்ணை ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தார். "சரி, ஆனால் அறக்குளாவுக்குப் பக்கத்தில வைக்கமாட்டன். உன்ர கடதாசி ஈரம் என்ர மீனுக்கு ஆகாது. பரோட்டாவும் தேங்காய்ப்பூவும் இருக்கிற பிரீசரை வெறுமையாக்கித் தாறன்."

ஆரி வீட்டில் நிற்கச் சம்மதிக்கவில்லை. காய்ச்சலோடு மேலங்கியும் தொப்பியும் போட்டு வானின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். தன் காகிதம் தன்னை விட்டுத் தனியாக எங்கும் போனதில்லையாம். கடைக்குள் வரிசையில் நின்ற சனம் வழிவிட, ஈரப் பைகளை ஒவ்வொன்றாகத் தட்டையாக அடுக்கினோம். இறால் வாங்க வந்த ஒரு அம்மா என்னிடம், "இது என்ன, புது அயிட்டமோ? எவ்வளவு?" என்று விலை கேட்டார்.

அடுத்த நாள் மதாம் கையில் வெப்பமானியோடு மீன்கடைக்கு வந்தார். சூசை அண்ணைக்கு முகம் சுண்டிவிட்டது. மதாம் பிரீசரைத் திறந்தார், அளந்தார், பைகளைப் பார்த்தார், மூலைகளைத் தடவிப் பார்த்தார். பிறகு, "உங்கட பிரீசர் எங்கடதை விடச் சுத்தம்" என்றார். அந்த வசனத்தைச் சூசை அண்ணை அதன் பிறகு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. கடைக்கு வருகிற நகரசபைப் பரிசோதகருக்கும் சொல்லியிருக்கிறார்.

ஆரியும் அங்கே இருந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, காய்ச்சல் விட்ட பிறகும் காலையில் வந்து, பிரீசரைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சூசை அண்ணை கொடுக்கும் பிளேன்டீயும் மீன் ரோல்ஸும் சாப்பிட்டுவிட்டுப் போவார். இரண்டாவது ரோல்ஸையும் தட்டில் தள்ளிவைத்தால் அவர் திகைப்பார், பிறகு சாப்பிடுவார்.

ஒரு காலை மதாமும் நானும் போனபோது, அவர் பாரை மீன் வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "குடுக்கிறன்" என்றார். "எல்லாம். உறையும் சேத்து. ஆனால் கொரிக்கு நான்தான் முதல்ல காட்டவேணும்."

நானாக இருந்தால் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். மதாம் தலையை மட்டும் அசைத்தார்.

"காய்ஞ்ச பிறகு" என்றார். "ஈரத்தாளை நாங்கள் ஒருத்தருக்கும் காட்டுறேல்லை."

அறிவிக்காமல் போனதைப் பற்றி நானும் அவரும் பிறகு கதைக்கவேயில்லை. ஒருநாள் மட்டும், யாரோ ஒரு கொடையாளருக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தபோது, என் மேசைப் பக்கம் வந்து, "பிலோமினா, தோடம்பழக் காசு காப்பகம் தரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காகிதங்கள் காய்ந்து வந்தன. கொரியை ஆரி அழைத்து வந்தார். வாசிப்பு அறையில் அந்த இரண்டு தாள்களையும் ஊசி இருந்த தழும்போடு மேசையில் வைத்தேன். ஆரி நின்றுகொண்டிருந்தார், உட்காரவில்லை. கொரி துண்டை வாசித்தார். அடியில் இருந்த கையெழுத்தைக் கண்டிருக்கவேண்டும். நிமிர்ந்து ஆரியைப் பார்த்தார். பிறகு மற்றத் தாளை வாசித்தார். அதைப் பல தடவை வாசித்தார்.

"உனக்கு இது எப்பவும் தெரியுமோ?"

"ஓம்."

"உன்ர அப்பாவைக் காப்பாத்த என்ர அப்பாவின்ர விடுதலையைப் பூட்டி வைச்சிருந்தனி."

"ஓம்" என்றார் ஆரி. சமாதானம் சொல்லாததற்காக நான் அவரை அன்றைக்கு மதித்தேன்.

கொரி நான் கொடுத்திருந்த கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய தகப்பன் இந்த நகரத்தில் இறக்கும்வரை, ஒல்லாந்தர் கோயிலில் வழிபாடு முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்கும்போது, சுவரோரமாக ஒரு சின்ன மேசையில் மனைவி மகளோடு தனியாக இருந்து குடித்தாராம். விடுதலையாகி வந்தவர் என்று கொரியின் தாய் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். கேட்க ஆளில்லை. நான் விடுதலைத் தாளைப் பிரதி எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"இரண்டையும் எடுங்கோ" என்றார். பிறகு ஆரியைப் பார்த்து, "ஞாயிற்றுக்கிழமை கோப்பி நேரம் நீதான் வாசிக்கவேணும். நானில்லை. அந்தப் பிரிவின்ர எழுதுவினைஞன் நீதானே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகுதான் மற்ற வீடுகளின் கதவுகள் திறந்தன. அலுமாரிக்கு மேல், கட்டிலுக்குக் கீழ், பழைய பாதணிப் பெட்டிகளுக்குள் என்று அந்தப் பிரிவின் ஆட்கள் பதுக்கி வைத்திருந்த படங்களும் கட்டளைகளும் கைப்பட்டிகளும் வந்துகொண்டேயிருந்தன. ஹொலண்டிலிருந்தே ஆராய்ச்சிக்காரர்கள் எங்களிடம் வந்து, தங்கள் நகரத்தின் கதையை எங்கள் மேசையில் இருந்து வாசித்தார்கள். தலைகீழான தோம்பு என்று நான் சொன்னால் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்? நானே எனக்குச் சொல்லிச் சிரித்துக்கொள்வேன். ஆனால் அந்த ஞாயிறை நான் சொல்லியாகவேண்டும்.

நானும் போனேன். கோயில் மண்டபத்தில் கிழவர்களும் கிழவிகளும் கோப்பிக் கோப்பைகளோடு இருந்தார்கள். ஆரி எழும்பி, கண்ணாடியைச் சரிசெய்து, முதலில் துண்டை வாசித்தார். டச்சு மொழி எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த பெண் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். துண்டை முடித்ததும், "இதை எழுதினவர் என்ர அப்பா" என்றார் ஆரி. பிறகு மற்றத் தாளை எடுத்து வாசித்தார். எழுதுவினைஞன் குரல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. கடைசி வரி, மரியாதையோடு விடுவிக்கப்படுகிறார்.

முன் மேசையில் இருந்த ஒரு கிழவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "கேக்கேல்லை. திருப்பி வாசி" என்றார்.

அவருக்கு உண்மையாகவே கேட்கவில்லையா, அல்லது வேறு காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆரி கடைசி வரியைச் சத்தமாக வாசித்தார். அந்தக் கிழவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்னார். பிறகு அவர் மனைவி சொன்னார். பக்கத்து மேசை சொன்னது. ஆரி மூன்றாம் தரம் வாசித்தபோது மண்டபம் முழுதும், செபம் சொல்வது போல, கொரியின் தகப்பனின் முழுப் பெயரையும் சேர்த்து அவரோடு சொன்னது. என் பக்கத்தில் இருந்த பெண் மொழிபெயர்ப்பதை மறந்து தானும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

கொரி எழும்பினார். கோப்பிக் கேத்தலை எடுத்துக்கொண்டு நேராக ஆரியிடம் போய், அவருடைய கோப்பையை விளிம்பு வரை நிரப்பினார்.

"போதும், கதிரையில இரு" என்றார். "இனி எல்லாரும் கோப்பி குடிப்பம்."